சவரிராயனின் இடது கால்

அடுத்தவர் பணிவால், எங்கள் கோயில் பேச்சில் தாழ்ச்சியால், இந்த உலகத்திலேயே அதிகமாக அவதிப்பட்டவள் நான்தான். உலகம் என்பது கொஞ்சம் மிகை, ஒப்புக்கொள்கிறேன். ரயிலடியிலிருந்து கடற்கரைச் சாலை வரைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் எனக்கு இணையாக அவதிப்பட்ட ஆள் கிடையாது. ஏனென்றால் எங்கள் எதிர்வீட்டில் குடியிருப்பவர் சவரிராயன். தாழ்ச்சிக்கு ஒரு பந்தயம் வைத்தால் அவருக்கு இரண்டாம் பரிசுதான் கிடைக்கும். முதல் பரிசை வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு வருவார்.

மில்லில் தறி ஓட்டியவர். மில்லில் ஆட்களைக் குறைத்தபோது, குறைக்க வேண்டிய ஆள் யார் என்று மேலாளர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தானாகவே கை தூக்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. கையைத் தூக்கியது தலையைச் சொறிய என்று அவர் மனைவி மதலேன் இன்றைக்கும் சாதிப்பாள். அதன்பிறகு ஒரு ரொட்டிக் கிடங்கில் சேர்ந்து, விடிந்ததும் சைக்கிளில் கூடை கட்டி வீடு வீடாக ரொட்டி போட்டார். இளவயதில் ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர். அங்கே அவர் கற்றுக்கொண்ட பிரெஞ்சு ஒரே ஒரு சொல்தான்: பர்தோன். மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். சைக்கிள் மணி அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அதைத்தான் சொல்வார். ஒருநாள் தெருவை மறித்து நின்ற மாட்டிடம் பர்தோன் சொல்லிவிட்டு, அது வழி விடும் வரைக்கும் காத்திருந்தார். அந்த மாடு கூடையோடு ரொட்டியைத் தின்றது என்பது என் கணக்கு. பார்த்தவர்கள் ஒரே ஒரு ரொட்டி என்கிறார்கள்.

இதில் உனக்கென்ன அவதி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். திருவிழாப் பந்தியில் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் உட்காருவார். அதற்குள் சோறு தீர்ந்திருக்கும். அப்புறம் மதலேன் வீட்டுக்கு வந்து உலை வைக்க வேண்டும். அரிசி இல்லையென்றால் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பஸ்ஸில் தன்னைவிட இளையவனுக்கு எழுந்து இடம் கொடுப்பார். கோயிலில் பூசை முடிந்ததும் வாசலில் நின்று, "நீங்க போங்க, நீங்க போங்க" என்பார். ஒருமுறை அரியாங்குப்பத்திலிருந்து அவரைப் போலவே இன்னொருவர் வந்திருந்தார். இரண்டு பேரும் வாசலின் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று மாறி மாறிச் சொன்னதில், பின்னால் நின்ற பங்குச் சனம் முழுவதும் வெயிலில் வெந்தது.

நான் பெண் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். தலையான பாவங்கள் ஏழு, அவற்றில் முதலாவது ஆங்காரம், ஆங்காரத்துக்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. இவ்வளவும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தாழ்ச்சி முற்றிப்போனால் என்ன மருந்து கொடுப்பது என்று மட்டும் எந்தப் பாடத்திலும் போடவில்லை.

எங்கள் பங்கில் பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கை விமரிசையாகச் செய்வோம். ஆண்டவர் இராயப்பர் முதலான தம்முடைய பன்னிரண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பங்குச்சாமி பன்னிரண்டு ஆண்களை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலிட்டுக் கால் கழுவித் துடைத்து முத்தமிடுவார். பெரியவன் சின்னவனுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதற்கான சடங்கு. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், அன்று காலையிலேயே பீர்க்கன் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடரும் பூசி, புது வேட்டியோடு வந்து உட்காருவார்கள். சாமி கழுவுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது.

அதோடு இன்னொரு பைத்தியக்காரத்தனமும் உண்டு. பன்னிரண்டாவது நாற்காலி ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது என்று எவனோ எந்தக் காலத்திலோ கிளப்பிவிட்டான். திருச்சபை அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று நான் தொண்டை வறளச் சொல்லியும் பயனில்லை. கடைசி நாற்காலிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். பதினொரு நாற்காலிக்கு அடிதடி நடக்கும், அது மட்டும் காலியாகக் கிடக்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் அந்த இடம் சவரிராயனுக்கு. "எனக்கு ஏத்தது அதாங்" என்று சொல்லி, தலையைக் குனிந்தபடி போய் உட்காருவார். ஆணி அடித்த மாதிரி அந்த நாற்காலி அவருக்கு என்று ஆகிவிட்டது.

2007ஆம் வருடத்துத் தவக்காலத்தில் அந்த நாற்காலியும் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "யூதாஸ் எடத்துல ஒக்காரக்கூட எனக்குத் தகுதி இல்ல சாமி" என்றாராம். எங்கள் பங்குச்சாமி இன்னாசியார் உருகிப் போனார். வயதானவர், சுலபத்தில் உருகுவார். பெரிய வியாழனுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு பிரசங்கத்தில் சவரிராயனை உதாரணமாகச் சொல்லி, நாமெல்லாம் இவரைப் பார்த்துத் தாழ்ச்சியைக் கற்க வேண்டும் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சவரிராயன் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். அதற்கும் ஒரு உருக்கம்.

எனக்கு மட்டும் உறுத்தியது. ஆயுள் முழுவதும் ரப்பர் செருப்பு போட்ட மனிதர், ஒரு மாதமாகக் கான்வாஸ் ஷூவோடு ரொட்டி போட வந்தார். இடது காலைக் குதிகாலால் மட்டும் ஊன்றி மிதித்தார். ரொட்டி நேரம் கழித்து வந்தது. அவர் நின்றுவிட்டுப் போன இடத்தில், ரொட்டி வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது.

அந்த ஞாயிறு பிற்பகலே மதலேன் வந்து என் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு சாக்ஸு போட்டுகினுதான் படுக்கறாரு டீச்சர். இந்தப் பங்குனி வெயில்ல. கால காட்டுன்னா காட்ட மாட்டேங்கறாரு."

"நீ புடிச்சி இழுத்துப் பாக்க வேண்டிதான?"

"இழுத்தேன். ஆண்டவரு ஆணியில தொங்கினாரு, எனக்கு ஒரு கொப்பளம்தான், சொம்மா வுடுன்னாரு. கொப்பளமா இது? வீடே நாறுது. அவருக்குச் சக்கர இருக்குது டீச்சர். எங்க மாமனாருக்கு இப்பிடித்தான் கட்ட வெரல்ல ஆரம்பிச்சிது. முட்டிக்குக் கீழ எடுத்தாங்க. அதுக்கப்பறம் அவரு எந்திரிக்கவே இல்ல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கால் போயிட்டா இவரு எத மிதிப்பாரு?"

இதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தெருமுனை ஆட்டோக்காரர் கோவிந்தராசுவை அழைத்து, மறுநாள் காலையில் சவரிராயனைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடச் சொன்னேன். சவரிராயன் மறுக்கவில்லை. அவர் யாருக்கும் மறுப்புச் சொல்வதில்லை. அவரிடம் அதுதான் கொடுமை.

மத்தியானம் ஆட்டோ திரும்பி வந்தது. கோவிந்தராசு இறங்கிய வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"சத்தியமா இனிமே இவர ஏத்த மாட்டேன் டீச்சர்."

"இன்னா ஆச்சு?"

"கியூவுல நல்லா முன்னாடிதான் நின்னாரு. பின்னால ஒரு கெழவி, விழுப்புரத்துலேந்து பஸ்ஸுல வந்துதாம். நீங்க போங்கம்மான்னு முன்னாடி வுட்டாரு. சரி. அப்பால கொழந்தைய வெச்சிகினு ஒரு பொண்ணு. அதும் சரி. அப்பால வாட்டசாட்டமா ஒருத்தன், மூக்குல சளி. அவனையும் போவச் சொன்னாரு. நான் டீ குடிச்சிட்டு வந்து பாத்தா மனுசன் வாலுல நிக்கிறாரு. அதுக்குள்ள சீட்டு குடுக்கற ஜன்னல சாத்திட்டாங்க."

சவரிராயன் ஆட்டோவுக்குள் இருந்தபடியே, "பர்தோன் டீச்சரம்மா. அவுங்கள்லாம் நெஜமான நோயாளிங்க" என்றார்.

"நீ யாரு, பொய் நோயாளியா?"

"தொலைவுலேந்து வராங்க. நான் இங்கியே கீறவன். அப்பறமா பாத்துக்கலாம்."

"எப்ப அப்பறம்? உங்க அப்பாவுக்கு ஆன மாதிரி ஆன அப்பறமா?"

பேச்சு அப்பாவிடம் போனதும் சவரிராயன் இடது காலை இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோவிந்தராசு அதைப் பார்த்தார். அவர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவின் மகன். எங்கள் சடங்கு எதுவும் தெரியாது. ஆனால் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இவருது பணிவு இல்ல டீச்சர். பயம். வெளியே சொல்ல வெக்கப்படறாரு." ஞானோபதேசம் சொல்லித்தந்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியதில் எனக்கு எரிச்சல்தான்.

அந்த எரிச்சலோடு சாமியார் பங்களாவுக்குப் போனேன். இன்னாசி சாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சவரிராயனக் கடைசி நாற்காலியில உக்கார வைங்க சாமி."

"அது எப்பிடி டீச்சர்? அவரு வேணாம்னுட்டாரு. நேத்துதான் ஊருக்கே அவர உதாரணமா சொன்னேன்."

"அதத்தான் சொல்ல வந்தேன். உங்க உதாரணம் நாறுது."

சாமி மோரைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மதலேனின் மாமனார், கான்வாஸ் ஷூ, ஆஸ்பத்திரிக் கியூவின் வால், ஒன்றையும் விடவில்லை.

"அதுக்காக ஒருத்தர் கால இழுத்துப் புடிச்சிக் கழுவ முடியுமா?"

"இராயப்பருக்கு என்ன நடந்துது சாமி? என் கால நீங்க கழுவறதான்னு அவருந்தான் தாழ்ச்சியா பின்வாங்கினாரு. ஆண்டவரு அத மெச்சிக்கினாரா? அப்பிடின்னா உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. கழுவ வரவங்களுக்குக் கால நீட்டறதும் தாழ்ச்சிதான். இந்த மனுசனுக்குக் குடுக்க மட்டும்தான் தெரியும். வாங்கத் தெரியல. வாங்க மாட்டேன்னு நிக்கறவன் எவனா இருந்தாலும் அவன் உள்ளுக்குள்ள ஒரு மேடை போட்டு அதுல நிக்கறான்."

சாமி மோர்த் தம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "இதையே நான் பிரசங்கத்துல சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம். இப்ப செஞ்சி காட்டுங்க."

அன்று சாயங்காலமே சாமி சவரிராயன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "வியாழக்கெழம கடைசி நாற்காலி காலியா இருக்கக் கூடாது. நீதான் வரணும்" என்றார். சாமி வார்த்தையை மீறும் அளவுக்குச் சவரிராயனிடம் ஆங்காரம் கிடையாது. தலையாட்டினார். அன்று இரவு முழுக்க மதலேன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஆனால் ஒன்றை நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் கோயிலில் ஒருவருக்கு ஒரு கால்தான் கழுவுவது வழக்கம், அதுவும் வலது கால். இரண்டு காலையும் கழுவினால் பூசை எப்போது முடிவது? சவரிராயன் வியாழக்கிழமை மாலை வந்து உட்கார்ந்தபோது வலது காலில் ஒன்றும் இல்லை. தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது. இடது கால் மட்டும் ஷூவும் சாக்ஸுமாக, வேட்டிக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால் மடங்கியிருந்தது. எத்தனை தந்திரம் பாருங்கள். வருடம் முழுவதும் தன்னை ஒன்றும் தெரியாதவன் என்று சொல்லிக்கொள்கிற மனிதர்.

நான் முதல் வரிசையில் இருந்தேன். சாமி ஒவ்வொரு நாற்காலியாக முழங்காலிட்டு, எழுந்து, மறுபடி முழங்காலிட்டு வந்துகொண்டிருந்தார். பதினோராவது ஆள் எழுந்து வேட்டியை உதறிக்கொள்ளும்போது, நான் சாமியைப் பார்த்து என் இடது காலைத் தூக்கி ஆட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எனக்குக் கால் மரத்துப்போயிற்று என்று நினைத்து, தேய்த்துவிட வந்தாள்.

சாமிக்குப் புரிந்தது. கடைசி நாற்காலி முன்னால் முழங்காலிட்டார். சவரிராயன் வலது காலை நீட்டினார். சாமி அதைத் தொடவில்லை.

"அந்தக் கால்" என்றார்.

அவர் கழுத்துப்பட்டியில் புதிதாக வாங்கிய சின்ன மைக் இருந்தது. அதனால் அந்தக் கால் என்பது கோயில் முழுவதும் கேட்டது. வெளியே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் கேட்டது. ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் வரைக்கும் கேட்டது என்று கொஞ்ச நாள் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோவோடு வாசலில் நின்ற கோவிந்தராசுவுக்குக் கேட்டது, அது உறுதி.

"இதே போதும் சாமி" என்றது சவரிராயனின் குரல், ஒலிபெருக்கியில்.

"அந்தக் கால நீட்டு."

"வேணாம் சாமி. எனக்குத் தகுதி இல்ல."

"நீட்டுய்யா."

"உங்களுக்கு எதுக்கு சாமி தொந்தரவு."

பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் முதலிலிருந்து பாடத் தொடங்கியது. சாமி எழுந்திருக்கவில்லை. தண்ணீர்ச் செம்பு ஒரு பக்கம், தாம்பாளம் ஒரு பக்கம். சவரிராயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. எவ்வளவு தாழ்ச்சி பாரு என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தேன். மதலேன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். பாட்டு இரண்டாம் முறையும் முடிந்தது.

அப்போது சாமி மைக்கை உள்ளங்கையால் மூடினார். முன்னால் சாய்ந்து சவரிராயனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டால், சந்தேகமில்லாமல் சொல்வேன்: ஆண்டவர் இராயப்பரிடம் சொன்ன அதே சொல்லை. கால் நீட்டாதவனுக்கு ஆண்டவரிடம் பங்கில்லை என்ற சொல். நான் பங்களாவில் எடுத்துக்கொடுத்தது. அதைக் கேட்டதும் சவரிராயனின் முகம் மாறியது. குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சாமி தண்ணீர் விட்டு விட்டு அதை மெதுவாகக் கழற்றினார்.

முதல் வரிசையில் முந்தானைகள் மூக்குக்குப் போயின. கட்டைவிரலும் அடுத்ததும் கறுத்திருந்தன. தாம்பாளத்துத் தண்ணீரின் நிறம் மாறியது. சாமி அவசரப்படவில்லை. வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். மூக்கை மூடியிருந்த முந்தானைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம்தான். பூசை முடியட்டும், நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று சவரிராயன் ஆரம்பித்தார். மதலேன் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வெளியே கோவிந்தராசு வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார். கோரிமேட்டில் அவசரப் பிரிவு வாசலில் ஒரு கிழவரைப் பார்த்து, "நீங்க போங்க" என்று இவர் வாயைத் திறந்தபோது, மதலேன் தன் கையால் அந்த வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாளாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். இரண்டு விரலோடு போயிற்று. கால் பிழைத்தது.

இப்போது சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற மெத்தைச் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ரொட்டி போடுகிறார். வாரம் ஒருமுறை மதலேன் வாசலில் உட்காரவைத்து அந்தக் காலைப் பார்க்கிறாள். அவரும் காட்டுகிறார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. மற்றபடி ஒன்றும் திருந்தவில்லை. பந்தியில் இன்னும் கடைசியாகத்தான் உட்காருகிறார். என் வீட்டு அரிசி இன்னும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பங்கின் விழா மலருக்காக இதை எழுதி முடித்ததும், புருசன் பெண்சாதி இரண்டு பேரையும் அழைத்து உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். நாற்காலி போட்டும் சவரிராயன் நின்றுகொண்டே கேட்டார். சாமி மைக்கை மூடிக்கொண்டு சொன்ன இடம் வந்ததும் சங்கடமாக நெளிந்தார்.

"இன்னா, தப்பா இருக்குதா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சரம்மா. நல்லாதான் எழுதிகீறீங்க. ஆனா சாமி அத சொல்லல."

"பின்ன இன்னா சொன்னாரு?"

"சொல்லுய்யா" என்றாள் மதலேன்.

"பன்னெண்டு தரம் மண்டி போட்டதுல முட்டி உயிர் போவுது சவரி, நீ நீட்டாம என்னால எந்திரிக்கவும் முடியாது, எனக்கு இந்த ஒரு ஒத்தாச பண்ணுன்னாரு. பாவம், வயசானவரு. அவருக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் நான் கால நீட்டினேன்."